பாதி வேகத்தில் துடிக்கும் ஊர்

எங்கள் ஊர் மூக்குத்துறையின் நெஞ்சுகள் எல்லாம் என் மகளின் நெஞ்சுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது மாதா திருவிழாவின் கடைசி நாள், சப்பரம் தெருக்களைச் சுற்றி வந்து கோயில் முற்றத்தில் இறங்கி, பெண்கள் அதன்மேல் எறிந்த உப்பும் மிளகும் மணலில் இன்னும் கிடக்க, என் கணவர் ரீகன் தன் ஸ்பீக்கர் பெட்டிகளைத் திறந்து டெக்னோ பாட்டுப் போட்ட அந்தச் சாயங்காலத்தில். மகள் அலோஷியாவுக்கு அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. மழைக்கு முன் ஈசல் வருவதைப் போல அது வந்தது. வந்த பிறகு, வராமல் இருந்த காலத்தை ஊரில் யாரும் பெரிதாக நினைத்துப் பார்க்கவில்லை.

ரீகன் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கும், கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குவதற்கும், அடக்கத்துக்கும் அவருடைய பெட்டிகள்தான் போகும். கல்யாணத்துக்கு முன் கோவாவில் ஒரு ஓட்டலில் விளக்கு வேலைக்குப் போனவர், அங்கே டெக்னோவைக் கேட்டுவிட்டு, விளக்கை விட்டுவிட்டு, பாட்டு ஓட்டும் இரண்டு டெக்கும் ஒரு ஹெட்போனுமாகத் திரும்பி வந்தார். கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்த எனக்கு ஆர்மோனியமும் மணியும் தவிர வேறு ஓசை தெரியாது. அதனால் அவர் எனக்கு வள்ளத்தை வைத்துத்தான் சொல்லித் தந்தார்.

“ஓடுற பாட்டு ஒரு வள்ளம், வரப்போற பாட்டு இன்னொரு வள்ளம்னு வச்சுக்க. இதுல நிக்கிற சனம் அதுல கால் மாத்தணும். மாத்துனது அவங்களுக்கே தெரியப்படாது. அப்படின்னா ரெண்டும் ஒரே வேகத்துல ஓடணும், ஒரே அலையில ஏறி ஒரே அலையில இறங்கணும். அதுக்குப் பேருதான் பீட்மேட்ச்.”

“வேகம் சேந்தா போதுமா?”

“எங்க போதும்? சுருதியும் சேரணும்லா. கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் இருக்கு. எட்டுல நிக்கிற பாட்டோட ஏழும் ஒன்பதும் சேரும். எட்டையும் ரெண்டையும் சேத்தேன்னு வையி, ரெண்டு பொம்பளைய ஒரே குழாயடியில விட்ட மாதிரி ஆயிரும்.”

“ரெண்டு ஆம்பளைய ஒரே நாற்காலிக்கு விட்ட மாதிரின்னும் சொல்லலாம்” என்றேன். சிரித்தார். அப்போதெல்லாம் நாங்கள் சிரித்தோம்.

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஸ்கேன் எடுக்கப் போன அறையில், குதிரை ஓடுகிற மாதிரி கேட்ட பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை அவர் போனில் பிடித்து வைத்தார். ஸ்கேன் பார்க்கிற அம்மா திட்டத் திட்டப் பிடித்தார். டெக்னோவில் அடியில் விடாமல் தும் தும் என்று ஒரு உதை விழுந்துகொண்டே இருக்கும், கிக் என்பார்கள். அந்த உதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மகளின் துடிப்பை வைத்தார். வட்டத்தில் அது எட்டில் நின்றது. திருவிழா அன்று ஓடிக்கொண்டிருந்த பாட்டும் எட்டு. ஹெட்போனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, அலையும் அலையும் சேர்ந்த நொடியில் ஒன்றை மெல்ல இறக்கி மற்றதை மெல்ல ஏற்றினார். கால் மாற்றியது யாருக்கும் தெரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த பையன்களும், வேடிக்கை பார்த்த பெண்களும், கடலை வறுத்தவரும், பங்குச்சாமியும், ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். பாட்டு முடிந்து பெட்டிகள் அணைந்தன, சனம் வீட்டுக்குப் போனது, துடிப்பும் அவர்களோடு போனது.

ஹெட்போன் காதை மூடியிருந்ததால், பெட்டிகளின் உதை படாமல் ரீகன் தப்பினார். நாற்பது கழியாதவள் வாசல் தாண்டக் கூடாது என்று பக்கத்து வீட்டு மோட்சம் அக்கா திட்டிக்கொண்டே என் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, தலையில் துண்டு கட்டி, காற்றுப் புகாதபடி அனுப்பியிருந்ததால் நானும் தப்பினேன். பிள்ளை பெற்றவளுக்குக் காதில் பஞ்சு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது இல்லாவிட்டால் இந்தக் கதை வேறு விதமாகப் போயிருக்கும்.

முதலில் கண்டுபிடித்தது சுகாதார நர்ஸ் பேச்சியம்மாள். மேற்கே கடலில்லாத ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், திருவிழாவுக்கு வராதவர். பிரஷர் பார்க்கும் முகாமில் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நாடி ஒரே எண்ணாக இருக்கவும், கருவியைத் தட்டினார், பேட்டரி மாற்றினார், தன் கையிலேயே போட்டுப் பார்த்தார், அவருக்கு மட்டும் வேறு எண் வந்தது. அந்நேரம் என் மடியில் அலோஷியா கொட்டாவி விட்டுத் தூங்கிப் போனாள். வரிசை முழுவதும் நாடி இறங்கி, நின்றவர்கள் சுவரில் சாய்ந்தார்கள். நர்ஸ் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். குழந்தையின் துடிப்பு, ஊரின் துடிப்புக்குச் சரியாக இரண்டு மடங்கு இருந்தது. அவள் இரண்டு முறை துடித்தால் ஊர் ஒரு முறை துடித்தது.

“பாதி வேகம்” என்றார் ரீகன். “டெக்னோவுலயும் அப்படிப் பூட்டிக்கிறது உண்டு.”

“நம்ம பிள்ளைதான, பரவால்ல” என்றாள் மோட்சம் அக்கா. அத்தோடு ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்ட பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு முறை வந்துவிட்டது. மீன் ஏலம் பிள்ளை விழித்திருக்கும் நேரத்துக்கு மாறியது, தூங்கும் நேரத்தில் ஏலம் வைத்தால் யாருக்கும் விலை ஏற்ற மனம் வராததால். மதில் தகராறில் பல வருடம் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் சண்டை போடக் கிளம்பி, பாதி வசவில் அலோஷியா பால் குடித்து அடங்கியதும் கோபம் ஓடாமல் ஒரே கல்லில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். பாடகர் குழு ஒரு சுருதியில் நின்றது. எட்டில்தான். ஆர்மோனியக்காரர் மட்டும் வேறு கட்டையைத் தொட முடியவில்லையே என்று புலம்பினார். நிச்சயம் செய்து வைத்திருந்த ஒரு பையன், பெண்ணைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்ததாகச் சந்தோஷப்பட்டு வந்து சொல்ல, அது என் பிள்ளைக்கு வாயு பிடித்த நேரம் என்று கணக்கில் தெரிந்து, பாவம், முகம் சுண்டிப் போனான். “விடுல, ராத்திரி பிள்ளைக்கு சளி பிடிச்சா அவமேல இன்னும் ஆச கூடும்” என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

அலோஷியா அழுதால்தான் தொல்லை. அவள் வீறிட்டு அழும்போது அடுப்படியில் இருந்தவளும், நாற்காலியில் இருந்தவரும், ஓடாமலே ஓடியவர்களைப் போல மூச்சு வாங்கினார்கள். ஆகவே அவள் அழக் கூடாது என்று ஆயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை, எல்லாரும் அன்பாகத்தான் வந்தார்கள். மோட்சம் அக்கா முறை பிரித்தாள். காலையில் ஒரு தெரு, மதியம் ஒரு தெரு, பொழுது சாய ஒரு தெரு. குக்கர்களின் தலையில் ஈரத்துணி போட்டார்கள், கோயில் மணியின் நாக்குக்குச் சாக்குக் கட்டினார்கள், நாய்களைக் கூட அதட்டிப் பேசவில்லை. என் பிள்ளை உதட்டைப் பிதுக்குமுன் எத்தனையோ கைகள் தொட்டிலுக்கு நீண்டன. என் கை எப்போதும் கடைசியில் போய்ச் சேர்ந்தது. பால் கொடுக்கும்போதுகூட, “இடது பக்கம் குடு மக்கா, வலது பக்கம் குடிச்சா எங்க வீட்டுக்காரரு நெஞ்ச பிடிச்சுக்கிடுதாரு” என்று யாராவது சொன்னார்கள். மடத்தில் சிஸ்டர்கள் எனக்குப் பழக்கிய ஒரே காரியம் சரி என்று சொல்வது. நான் சரி என்றேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் பிள்ளையின் நெஞ்சு அவளுக்காக மட்டும் துடிக்க வேண்டும்.

ஒன்றரை மாதத் தடுப்பூசி வந்தபோது அது கண்ணுக்குத் தெரியும் சண்டையாக ஆயிற்று. ஊசி போட்டால் பிள்ளை அழும், அன்று ராத்திரி காய்ச்சல் வரும், மறுநாளும் இருக்கும். ஊர் முழுக்கக் காய்ச்சல் வேகத்தில் துடிக்க வேண்டியிருக்கும். சந்தியாகு பெரியப்பாவுக்குத் திருநெல்வேலியில் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். அவர் சட்டைப் பித்தானைக் கழற்றித் தையலைக் காட்டியபடி எங்கள் வாசலில் நின்றார்.

“சாவப் பயந்து கேக்கலன்னு சொன்னா பொய்யி, மக்கா. பயந்துதான் கேக்கேன். கொஞ்சம் தள்ளிப் போடு.”

“எவ்வளவு தள்ளிப் போடுறது பெரியப்பா?”

அவர் பித்தான்களைத் திரும்பப் போட்டார். அவர் எவ்வளவு நாள் இருக்க விரும்புகிறாரோ அவ்வளவு நாள் என்று எப்படிச் சொல்வார்?

ஆனால் அடுத்த ஊரில் கக்குவான் வந்திருந்தது. அங்கே ஒரு கைப்பிள்ளை இருமி இருமி நீலமாகிப் போனதாக நர்ஸ் வந்து சொன்னதிலிருந்து நான் அலோஷியாவின் ஒவ்வொரு தும்மலையும் எண்ணினேன். நர்ஸ் ஊசிப் பெட்டியோடு மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள்.

“பிள்ள அழும்னு ஊசி போடாம விடுற ஊரு உலகத்துல எங்கயாச்சும் உண்டுமா?” என்று கத்தினார் பேச்சியம்மாள்.

“எங்க ஊரு உண்டு நர்சம்மா. காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றாள் மோட்சம் அக்கா.

அன்று ரீகன் ரொம்ப நேரம் கேபிள்களைச் சுருட்டினார், பிரித்தார், சுருட்டினார். பிறகு சொன்னார், “மிக்ஸ் பண்ணி உள்ள கொண்டு வந்ததை மிக்ஸ் பண்ணித்தான் வெளிய எடுக்கணும். பிள்ளை துடிப்புக்குப் பக்கத்துல இன்னொரு துடிப்பை ஓடவிட்டு, அலை சேர்ற இடத்துல இதை இறக்கி அதை ஏத்திட்டா, பிள்ளை கழண்டுரும்.”

ஞாயிறு பூசை முடிந்து முற்றத்தில் ஊர் கூடியது. ஏற்ற வேண்டிய துடிப்பு யாருடையது என்பதுதான் பேச்சு. டெக்கில் இருக்கிற ஏதாவது ஒரு டெக்னோவையே போட்டுவிடலாம், அழாது, காய்ச்சல் வராது என்றார் பங்குச்சாமி. மிஷின் போல ஒரே வேகத்தில் ஓடினால், வலை இழுக்கிற நேரம் நெஞ்சு கூட வேண்டாமா, கரையில் படுக்கிற நேரம் குறைய வேண்டாமா என்று கடலுக்குப் போகிறவர்கள் மறுத்தார்கள். உயிருள்ள நெஞ்சுதான் வேண்டும். ஊரில் உள்ளவர்களின் நெஞ்சு எல்லாம் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தது. பூட்டாத நெஞ்சு மூன்று. ரீகன் டெக்கில் நிற்க வேண்டும். எல்லாரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள்.

“எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளையும் ஒரு குடிகாரனும் இருக்கு. அதுக்குத் துடிக்கவே பத்தல. உங்களுக்கு வேற துடிக்கணுமா?” என்று கேட்டவர், “எனக்கும் பஞ்சு குடுங்க முதல்ல” என்று கை நீட்டினார்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சரி என்றேன்.

நர்ஸ் தந்த இரண்டு ஸ்டெதஸ்கோப்பின் நெஞ்சில் வைக்கும் வில்லைகளை ரீகன் கழற்றி, கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை சட்டையில் குத்தும் சின்ன மைக்குகளோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டி, ஒயரில்லாத ஒன்றைக் காதில் பஞ்சு வைத்த அலோஷியாவின் நெஞ்சிலும், ஒயருள்ள ஒன்றை என் நெஞ்சிலும் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு டெக்குகள் ஆனோம். பாட்டு என்றால் வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு தண்டு இருக்கும், அதை நகர்த்தினால் போதும். எங்களுக்கு அது இல்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தாள். நான் என்னதான் பதறினாலும் அவளுக்குப் பின்னாலேயே கிடந்தேன், என் சுருதியும் வட்டத்தில் எங்கோ ஐந்தில் கிடந்தது. பெட்டிகளிலிருந்து இரண்டு குதிரைகள் கால் பின்னி விழுவது போலச் சத்தம் வந்தது. சனம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றது. ஹெட்போனைக் காதுகளில் அழுத்தியபடி ரீகன் என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலாக மோட்சம் அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்தக் கண் காட்டல் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மோட்சம் அக்கா என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள்.

“அக்கா, எங்க கொண்டு போறீங்க?”

அவள் திரும்பவில்லை. சேலைகளுக்கு நடுவே பிள்ளையின் தொப்பி ஒரு முறை தெரிந்தது, இன்னொரு முறை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஒரே கூட்டம், எல்லா முகமும் தெரிந்த முகம், எதிலும் அவள் இல்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், ஒயர் இழுத்தது. “ரீகன், பிள்ள எங்க? பிள்ள எங்கங்க?” அவர் தண்டுகளில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். என் நெஞ்சு ஓடியது, நான் தடுத்தாலும் ஓடியது, கடலில் விழுந்தவனைப் பார்த்தவள் மணலில் ஓடுவதைப் போல ஓடியது. பயந்த குரல் கீச்சிடுவதைப் போல அதன் சுருதியும் படிப்படியாக ஏறி ஒன்பதில் போய் நின்றது. பெட்டிகளில் இரண்டு குதிரைகள் ஒரே குதிரையாயின. ரீகன் ஒரு கையால் அவளை இறக்கினார், ஒரு கையால் என்னை ஏற்றினார். கால் மாற்றியது யாருக்கும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் கோயிலின் பின்புறமிருந்து அலோஷியாவின் அழுகை வந்தது. நர்ஸ் அங்கேயே, பூசை அறை வாசலில் வைத்து, தொடையில் ஊசியைப் போட்டிருந்தார். அவள் திருவிழாவிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். ஊரில் ஒருவர் கையும் நெஞ்சுக்குப் போகவில்லை. மோட்சம் அக்கா பிள்ளையை ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள், அவள் முகமெல்லாம் கண்ணீர். “பாத்தியா மக்கா, எப்படி அழுவுது பாரு! எனக்கு ஒண்ணுமே செய்யல! அழட்டும், ராசாத்தி நல்லா அழட்டும்!”

பிள்ளையை வாங்கி மாரில் போட்டேன். அவள் விம்மி விம்மிக் குடித்தாள். மணல் சுட்டது, காற்று உப்பாக வந்தது, அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு முதல் முறையாக அவள் அழுகை அவள் அழுகையாகவும், அவள் சூடு அவள் சூடாகவும் இருந்தது. என் உடம்பு தளர்ந்தது. ஒரு பயமும் இல்லை.

முதலில் சந்தியாகு பெரியப்பா நாற்காலியிலிருந்து சரிந்தார். பிறகு பாடகர் குழு படிக்கட்டில் உட்கார்ந்தது. பிறகு நின்றவர்கள் எல்லாம், காற்று விழுந்த வள்ளத்துப் பாயைப் போல, ஒவ்வொருவராக மணலில் மடிந்தார்கள். பங்குச்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப் போய் நின்றார். ஊர் இன்னும் பாதி வேகத்தில்தான் பூட்டிக் கிடந்தது. பிள்ளையின் வேகத்தில் பாதி, ஒரு மனிதனுக்குப் போதும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வேகத்தில் பாதி யாருக்கும் போதாது.

“ஜெர்லின், பயப்படு!” என்று கத்தினார் ரீகன்.

“எதுக்கு?”

“எதுக்காவது!”

எனக்கு எதுவும் தோன்றவில்லை. தரையில் கிடந்த மோட்சம் அக்காதான், வாய் குழற, “ஏ பிள்ள, மூச்சு விடுதா பாரு! உன் மார்ல மூக்கு அமுங்கிட்டு!” என்றாள். என் நெஞ்சு துள்ளியது. ஊர் எழுந்து உட்கார்ந்தது.

அன்றிலிருந்து இப்படித்தான். மீண்டும் மாற்ற முடியாதா என்று ரீகனிடம் கேட்டேன். “பாதி வேகத்துல இருந்து முழு வேகத்துக்கு ஒரு தட்டுல மாத்தலாம். ஆனா அதுக்கு முதல்ல உன் நெஞ்சு மனுசி வேகத்துக்கு இறங்கணும். அது இறங்குற வரைக்கும் ஊரு தாங்குமா? தட்டுறது பிசகிட்டா?” என்றார். ஊரைக் கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை, தட்டிப் பார்க்கலாம் என்று சொல்கிற தைரியம் ஊருக்கும் இல்லை. மோட்சம் அக்கா மறுபடி முறை பிரித்தாள். காலையில் ஒரு தெரு, மதியம் ஒரு தெரு, பொழுது சாய ஒரு தெரு. முன்பு பிள்ளை அழாமல் பார்த்துக்கொள்ள வந்தவர்கள் இப்போது நான் நிம்மதியாக இராமல் பார்த்துக்கொள்ள வந்தார்கள். அதே அன்போடுதான் வந்தார்கள், மீனும் முருங்கைக்கீரையும் கொண்டு வந்தார்கள், வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்து மெல்லச் சொன்னார்கள்.

“கெணத்து மூடி தொறந்து கெடக்கே, பாத்தியா?”

“கை தட்டிப் பாரு மக்கா, பிள்ள திரும்புதா? அவ்வளவு சுருக்கா திரும்பலியே.”

“ரிமோட்டுக்குள்ள இருக்க சின்ன பேட்டரிய ஒரு பிள்ள முழுங்கிட்டாம். போன்ல வந்துச்சு, உனக்கு அனுப்பிருக்கேன்.”

கடலுக்குப் போகிறவர்கள் போகும் வழியில் ஜன்னலருகே நின்று, இந்த வாரம் அலை முன்னைவிட ரெண்டு வீடு உள்ளே வந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், வலை இழுக்கத் தெம்பு வேண்டுமே. பங்குச்சாமி பிரசங்கத்தில் எங்கேயாவது ஒரு பிள்ளையைத் தொலைத்துவிடுவார், பிறகு என் பக்கம் பார்த்து வருத்தத்தோடு புன்னகைப்பார். நிச்சயம் ஆன பையனுக்குக் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும் நேரம் அவன் நெஞ்சு படபடக்க வேண்டும் என்று அவனுடைய அக்காள் என் காதில் வந்து, அலோஷியாவின் உச்சிக்குழி இன்னும் மூடவில்லையே, அது சரிதானா என்று கேட்டாள். அவன் நன்றாகப் படபடத்தானாம். தாம்பூலம் அனுப்பினார்கள்.

ஊர் தூங்கும்போது நானும் தூங்குவேன், ஆனால் பயம் தூங்காது. கனவில் அவள் வாளித் தண்ணீரில் குனிந்துகொண்டே இருப்பாள். அந்தக் கனவில்தான் மூக்குத்துறை மூச்சு விடுகிறது. கனவு வராத இரவுகளில் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன், எழுதினால் பயம் வருகிறது. இந்த வரியை எழுதும்போதே, தெருக்கோடியில் இருமிக்கொண்டிருந்த யாரோ சீராக மூச்சு விடுவது கேட்கிறது.

ரீகன் ஹெட்போனைக் கழற்றுவதில்லை. ஊரில் கட்டில்லாத நெஞ்சு அவருக்கும் மகளுக்கும் மட்டும்தான். ஒரு நாள் அவருடைய கழுத்துவரை வந்த கேபிளைப் பிடித்து, “நீங்க மட்டும் நிம்மதியா துடிக்கிறீங்க இல்ல?” என்று கேட்டேன். “நான் நிம்மதியாவா இருக்கேன்?” என்றார். அவர் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்தேன். அவர் இரண்டு விரலால் தாளம் எண்ணினார், பழக்கத்தில். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் மற்ற ஊசிகளையும் போட்டார். கக்குவான் எங்கள் ஊருக்கு வராமலே போயிற்று. அலோஷியா குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பல் முளைத்தது, ஊர் நெஞ்சில் ஒரு தூசும் அசையாமல் அழவும் சிரிக்கவும் செய்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அது அவளுடைய காய்ச்சல். நான் பயந்தேன், என் பயத்தில் ஊர் வலை இழுத்தது.

நேற்று மதியம் அவள் நடந்தாள்.

வாசலில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் பெண்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள், சந்தியாகு பெரியப்பா எங்கள் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்து நின்றவளின் மறு கை விரலை ரீகன் விட்டார். அவள் ஆடினாள், நின்றாள், ஒரு காலை எடுத்து வைத்தாள். விழவில்லை. இன்னொரு காலை வைத்தாள். என்னைப் பார்த்தபடி, இரண்டு பல்லும் தெரிய, கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் முறத்தைக் கீழே வைத்தேன். என் உடம்பில் இருந்த எல்லா முடிச்சுகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கிணறு, பேட்டரி, நாய், அலை, உச்சிக்குழி, ஒன்றும் நினைவில் இல்லை. அவள் வந்துகொண்டிருந்தாள்.

தெருவில் வலை ஊசிகள் கை நழுவி விழுந்தன. மோட்சம் அக்கா வலை மேலேயே சாய்ந்தாள். “ஏ பிள்ள… நாயி…” என்றாள். தெருவில் நாய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. “கல்லு தடுக்கும்” என்றாள் ஒருத்தி. மணல் மெத்தென்று இருந்தது. “காய்ச்சல்…” என்றது ஒரு குரல். இல்லை, குளிர்ந்த நெற்றி, காலையில் தொட்டுப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எல்லாம் என்மேல் பட்டு உதிர்ந்தன. சனம் அவரவர் இருந்த இடத்தில் வெளுத்துக்கொண்டே போனது, கடற்கரை வரை ஓசை அடங்கியது. “ஜெர்லின்” என்று ரீகன் கூப்பிட்டார்.

அப்போது சந்தியாகு பெரியப்பா கட்டிலில் இருந்து தலையைத் தூக்கினார். உதடு நீலமாக இருந்தது. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கெஞ்சல் இருந்ததா, வருத்தம் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை.

“நடந்துட்டாள்லா மக்கா” என்றார். “இனி போவா.”

அவ்வளவுதான். என் நெஞ்சு ஓடத் தொடங்கியது. முன்பு எந்தப் பயத்துக்கும் ஓடாத ஓட்டம், நிற்க இடம் இல்லாத ஓட்டம். தெருவில் ஒவ்வொருவராக எழுந்தார்கள், முகங்களுக்கு நிறம் வந்தது, யாரோ ஊசியைத் தேடினார்கள், மோட்சம் அக்கா மணலைத் தட்டிக்கொண்டு வலையை மடியில் இழுத்துப் போட்டாள், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முழங்காலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். அலோஷியா என் விரல் நுனியைத் தொட்டாள், சிரித்தாள், என்னைத் தாண்டித் தெருவில் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.